முதல் வெப் ஃப்ரேம்வொர்க்: காட்பாடி மொட்டைமாடியில் கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெயில் இறங்கியதும் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு ஏழெட்டுப் பேர் லேப்டாப்போடு வருவார்கள். பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிற ஒருவர், குடியாத்தத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அக்கா ஒருவர் என்று மற்றவர்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஒவ்வொரு வாரமும் வாயால் சொல்லித் தொண்டை கட்டியதால் எழுதி வைத்துவிட்டேன்.

ஒரு விஷயம்: கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள்.

பைதான் தெரியும். அது போதாதா? ஃப்ரேம்வொர்க் எதற்கு?

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்தில் என் மாமா ஒரு சின்ன லாட்ஜ் நடத்துகிறார். வைத்தியத்துக்கு வருகிறவர்களின் உறவினர்கள் தங்குகிற இடம், பெரும்பாலும் வங்காளத்துக்காரர்கள். அவருக்கு அறைப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் செய்து தரலாம் என்று உட்கார்ந்தேன். யார், எந்த அறை, எப்போது வந்தார், எப்போது போனார், அவ்வளவுதான் வேலை என்று நினைத்தேன். ஆனால் அதற்கு முன்னால் லாகின் வேண்டும். பாஸ்வேர்டை அப்படியே சேமிக்கக் கூடாது, ஹாஷ் செய்ய (திரும்பப் படிக்க முடியாத குறியீடாக மாற்ற) வேண்டும். படிவத்தில் யாராவது விவகாரமாக எதையாவது தட்டினால் டேட்டாபேஸ் கெடக்கூடாது. எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று ஒரு பட்டியல் வேண்டும். இதில் ஒன்றுகூட லாட்ஜ் வேலை இல்லை. எல்லா வெப்சைட்டுக்கும் பொதுவான வேலை.

அந்தப் பொது வேலையை ஏற்கெனவே செய்து வைத்திருப்பதுதான் ஃப்ரேம்வொர்க். கல்யாண மண்டபம் மாதிரி. மேடை, பந்தி மேசை, அண்டா குண்டா, ஜெனரேட்டர் எல்லாம் அங்கேயே இருக்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் நம்முடையவர்கள்.

சரி, எதை எடுப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் மாடியில் ஒரு மணி நேரம் போகும். என் பதில் ஒன்றுதான்: சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு எரர் வந்தால் போன் போட்டுக் கேட்க உங்களுக்கு ஆள் யார்? அவருக்குத் தெரிந்த ஃப்ரேம்வொர்க்கை எடுங்கள். உங்கள் சித்தப்பா பையன் லாராவெல் என்ற ஃப்ரேம்வொர்க்கில் வேலை செய்கிறானா, லாராவெல் எடுங்கள். முதல் ஃப்ரேம்வொர்க்கில் நீங்கள் கற்பது ரூட்டிங் (எந்த முகவரிக்கு எந்தப் பக்கம்), டேம்ப்ளேட் (பக்கத்தின் அச்சு), மாடல் (எந்தத் தகவலை எப்படிச் சேமிப்பது), மைக்ரேஷன் (அந்த அமைப்பை டேட்டாபேஸில் ஏற்றுவது) என்ற நாலைந்து சங்கதிகள். அவை எல்லாவற்றிலும் இருக்கின்றன. ஒன்றில் பழகிவிட்டால் அடுத்தது பாதி நேரத்தில் வரும்.

அப்படி யாரும் இல்லை என்றால், உங்களுக்கு ஏற்கெனவே எந்த மொழி தெரியும் என்று பாருங்கள்.

பைதான் தெரிந்தால் ஜாங்கோ. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் 2003-இல் ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் ஆரம்பித்தது. 2005-இல் பொதுவில் வந்தது. பத்திரிகைக்காரர்களுக்குத் தகவலை உள்ளே போட ஒரு பக்கம் உடனே வேண்டும், புரோகிராமருக்காகக் காத்திருக்க முடியாது. ஜாங்கோவில் அட்மின் பக்கம் தானாகவே கிடைப்பதற்கு அந்தப் பிறந்த இடம்தான் காரணம். லாட்ஜ் பதிவேட்டுக்கு நான் முதல் மாதம் முழுக்க அந்த அட்மின் பக்கத்தையே கொடுத்துவிட்டேன். மாமா அதை நான் எழுதியதாகவே நினைத்தார், நானும் திருத்தவில்லை.

பைதானிலேயே ஃபிளாஸ்க் இருக்கிறது. ஆர்மின் ரோனாக்கர் 2010-இல் ஏப்ரல் முட்டாள் தின வேடிக்கையாகச் செய்த ஒன்றிலிருந்து வளர்ந்தது. அது மண்டபம் இல்லை, காலி மைதானத்தில் சாமியானா. ஐந்தாறு வரியில் ஒரு பக்கம் வந்துவிடும், பார்க்க ஆசையாக இருக்கும். அப்புறம் லாகினுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு ஒன்று, படிவத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக வாடகைக்கு எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்று தெரிந்தவருக்கு அது சுதந்திரம், புதியவருக்கு அலைச்சல். ஒரு வாரம் ஃபிளாஸ்க்கில் விளையாடிவிட்டு ஜாங்கோவுக்குப் போகலாம், தப்பில்லை.

பிஎச்பி தெரிந்தால் லாராவெல். டெய்லர் ஆட்வெல் 2011-இல் கொண்டுவந்தது. ஊரில் கடைக்காரர்களுக்கும் பள்ளிகளுக்கும் வெப்சைட் செய்து கொடுத்துக் காசு பார்க்க வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். விலை குறைந்த ஷேர்டு ஹோஸ்டிங்கில் (பலர் பங்குபோட்டுக்கொள்ளும் வாடகை சர்வர்) பிஎச்பி தகராறு இல்லாமல் ஓடும்.

ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் தெரிந்தால், அதைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டுகிற நோட், அதன் மேல் எக்ஸ்பிரஸ் என்ற ஃப்ரேம்வொர்க். இதுவும் சாமியானா வகைதான்.

ரியாக்ட் படித்தால் போதும் என்கிறார்களே?

ரியாக்ட் பிரவுசரில் திரையை வரைகிற லைப்ரரி. தகவலை எங்கே வைப்பது, யாரை உள்ளே விடுவது என்பதெல்லாம் பின்னால் இன்னொன்று பார்க்க வேண்டும். இரண்டாவதாகப் படியுங்கள்.

வேலைக்குப் போக எது உதவும்?

காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை, ஒரு பக்கம் பெங்களூரு. நம் பிள்ளைகள் இரண்டு திசையிலும் போகிறார்கள். பெரிய சர்வீஸ் கம்பெனி என்றால் ஜாவாவும் அதன் ஃப்ரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட்டும் அதிகம் கேட்பார்கள். சின்ன ஸ்டார்ட்-அப் என்றால் நோட், பைதான். ஆனால் நான் பார்த்தவரை, முதல் இன்டர்வியூவில் உட்கார்ந்திருப்பவர் ஃப்ரேம்வொர்க் பெயரைவிட, ‘நீ செய்த ஒன்றைக் காட்டு’ என்றுதான் ஆரம்பிக்கிறார். முடிக்காத ஐந்து டுட்டோரியலைக் காட்ட முடியாது. முடித்த ஒரு லாட்ஜ் பதிவேட்டைக் காட்டலாம். ‘இந்தப் பட்டன் ஏன் இங்கே?’ என்று கேட்டால் சொல்வதற்குக் கதையும் இருக்கும்.

என் லேப்டாப் பழசு. தாங்குமா?

4 ஜிபி ராம் இருந்தால் ஜாங்கோ, ஃபிளாஸ்க் தாராளமாக ஓடும். லேப்டாப்பை இழுப்பது குரோமில் திறந்து வைத்திருக்கும் முப்பது டேப்தான்.

விண்டோஸ் 7 என்றால் சிக்கல். பைதான் 3.8-தான் அதில் ஏறும் கடைசி வரிசை. அதற்கு ஜாங்கோ 4.2 வரைக்கும்தான் வரும். கற்றுக்கொள்ள அதுவும் போதும். ஆனால் அந்த மெஷினில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்வது நல்லது, பைதான் அதிலேயே இருக்கும். சித்திரை, வைகாசியில் மட்டும் லேப்டாப்பை மெத்தைமேல் வைக்காதீர்கள். நம்ம ஊரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை.

விண்டோஸில் ஜாங்கோ இன்ஸ்டால் செய்வதைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

பைதானின் சொந்தத் தளத்திலிருந்து இன்ஸ்டாலரை இறக்குங்கள். முதல் திரையிலேயே, கீழே, பைதானைப் ‘பாத்’தில் (கட்டளைகளை விண்டோஸ் தேடுகிற இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதை டிக் செய்த பிறகுதான் இன்ஸ்டால் பட்டனைத் தொட வேண்டும். மாடிக்கு வருகிற பத்துப் பேரில் ஆறு பேர் இந்த இடத்தில் வழுக்கியவர்கள்தான்.

பிறகு சி டிரைவில் நேராக ஒரு ஃபோல்டர் போடுங்கள், ‘வேலை’ என்று ஆங்கில எழுத்தில். டெஸ்க்டாப் வேண்டாம், பல லேப்டாப்பில் டெஸ்க்டாப் ஒன்டிரைவோடு இணைந்திருக்கும், ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை அது மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். ஃபோல்டர் பெயரில் இடைவெளியும் வேண்டாம்.

அந்த ஃபோல்டரில் கமாண்ட் பிராம்ப்டை (கட்டளை தட்டுகிற கறுப்பு ஜன்னல்) திறந்து, வரிசையாக:

பைதான் -எம் வென்வ் என்வ்
என்வ்\ஸ்கிரிப்ட்ஸ்\ஆக்டிவேட்
பிப் இன்ஸ்டால் ஜாங்கோ
ஜாங்கோ-அட்மின் ஸ்டார்ட்புராஜெக்ட் லாட்ஜ்
சிடி லாட்ஜ்
பைதான் மேனேஜ்.பிஒய் மைக்ரேட்
பைதான் மேனேஜ்.பிஒய் ரன்சர்வர்

இரண்டாவது வரி முடிந்ததும் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘என்வ்’ என்று தெரிய வேண்டும். தெரியவில்லையா, அங்கேயே நில்லுங்கள், மேலே போகாதீர்கள். மைக்ரேட் செய்யாமல் ரன்சர்வர் கொடுத்தால் 18 மைக்ரேஷன் பாக்கி என்று சிவப்பில் வரும். அது எரர் இல்லை, நினைவூட்டல். கடைசி வரிக்குப் பிறகு பிரவுசரில் 127.0.0.1:8000 என்று போடுங்கள். ஒரு ராக்கெட் படம் வரும். அது வந்தால் இன்ஸ்டால் முடிந்தது. அந்தக் கறுப்பு ஜன்னலை மூடாதீர்கள். மூடினால் ராக்கெட்டும் போய்விடும். நிறுத்த கன்ட்ரோலையும் ‘சி’யையும் சேர்த்து அழுத்துங்கள்.

புராஜெக்டுக்கு ‘ஜாங்கோ’ என்றோ ‘டெஸ்ட்’ என்றோ பெயர் வைக்க முடியாது, அந்தப் பெயர்களில் பைதானிடம் ஏற்கெனவே மாட்யூல் இருக்கிறது. ஃபிளாஸ்க் பழகுகிறவர்கள் தங்கள் ஃபைலுக்கே ஃபிளாஸ்க் என்று பெயர் வைத்துவிட்டு ‘இம்போர்ட் ஆகவில்லை அண்ணா’ என்று வருவார்கள். தன்னையே தான் இம்போர்ட் செய்தால் எப்படி ஆகும்?

எந்த வெர்ஷன்?

ஜாங்கோவில் சில வெர்ஷன்களை மூன்று வருடம் பராமரிப்பார்கள். 2025 ஏப்ரலில் வந்த 5.2 அப்படிப்பட்டது, 2028 ஏப்ரல் வரைக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு; பைதான் 3.10 அல்லது அதற்கு மேல் வேண்டும். அதை எடுத்தால் நடுவில் தலைவலி இல்லை. லாராவெல்லுக்கு 11-ஆம் வெர்ஷனிலிருந்து குறைந்தது பிஎச்பி 8.2 வேண்டும். பிஎச்பியை மொத்தமாகப் போட்டுத் தருகிற ஸாம்ப்பின் அண்ணன் காலத்து இன்ஸ்டாலரைப் பென்டிரைவில் வைத்திருந்து போடுகிறவர்கள் இங்கேதான் முட்டிக்கொள்வார்கள்.

‘பைதான்’ என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறது!

அந்தக் கட்டத்தை டிக் செய்யவில்லை. ‘பை’ என்று மட்டும் தட்டிப் பாருங்கள், பல நேரம் அது வேலை செய்யும். இல்லையென்றால் இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி, மாற்று என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாத்தில் சேருங்கள்.

பவர்ஷெல்லில் ஆக்டிவேட் செய்தால், ஸ்கிரிப்ட் ஓட அனுமதி இல்லை என்று சிவப்பாகத் திட்டுகிறது.

பவர்ஷெல்லும் விண்டோஸில் கட்டளை தட்டுகிற ஜன்னல்தான், அதன் பாதுகாப்பு விதி அது. அனுமதியை மாற்றக் கட்டளை உண்டு. ஆனால் சுலப வழி, பவர்ஷெல்லை மூடிவிட்டுக் கமாண்ட் பிராம்ப்டைத் திறப்பது. விஎஸ் கோட் எடிட்டர் உள்ளேயும் டெர்மினலுக்குப் பக்கத்து அம்புக்குறியில் இதை மாற்றிக்கொள்ளலாம்.

நேற்று ஓடியது. இன்று ‘ஜாங்கோ என்ற மாட்யூல் இல்லை’ என்கிறது. நான் எதையும் தொடவில்லை.

தொடவில்லை என்பதுதான் பிரச்சினை. ஒவ்வொரு முறை புது ஜன்னல் திறக்கும்போதும் அந்த ஆக்டிவேட் வரியைத் தட்ட வேண்டும். வென்வ் என்பது ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனி அஞ்சறைப் பெட்டி. இந்த வீட்டு மிளகு அந்த வீட்டுச் சீரகத்தோடு கலக்காது. ஆனால் பெட்டியைத் திறந்தால்தானே மிளகு கிடைக்கும்.

எங்கள் ஊர் ஒடுகத்தூர் பக்கம். நெட் வரும், போகும். என்ன செய்வது?

ஜாங்கோ சுமார் 8 எம்பிதான், ஹாட்ஸ்பாட்டில் இறங்கிவிடும். ஜவ்வாது மலை மேலே இருந்து வருகிற ஒரு தம்பிக்கு அதுவும் முடியவில்லை. அவனுக்குச் செய்த வழி இது: நெட் இருக்கும் இடத்தில், அதே பைதான் வெர்ஷன் உள்ள விண்டோஸ் லேப்டாப்பில் ‘பிப் டவுன்லோட் ஜாங்கோ’ என்று கொடுத்தோம். நாலே நாலு ஃபைல் இறங்கியது: ஜாங்கோ, அதோடு சேர்ந்த மூன்று குட்டிப் பாக்கேஜ். பென்டிரைவில் போட்டுக்கொண்டு போய், வீட்டில் ‘பிப் இன்ஸ்டால்’ கட்டளையோடு ‘--நோ-இண்டெக்ஸ்’ என்பதையும், ‘--ஃபைண்ட்-லிங்க்ஸ்’ போட்டு அந்த ஃபோல்டர் பெயரையும் சேர்த்தான். ஏறிவிட்டது. நோட் புராஜெக்ட் என்றால் இது இவ்வளவு சுலபமில்லை; பாக்கேஜ்கள் இறங்குகிற நோட்-மாட்யூல்ஸ் ஃபோல்டர் சில நேரம் நூற்றுக்கணக்கான எம்பி வரும்.

தேதி, நேரம் தப்பாக வருகிறது.

இதில் நான் பட்டது போதும், நீங்கள் பட வேண்டாம். லாட்ஜுக்கு ஆட்கள் விடியற்காலை ரயிலில் இறங்கி வருவார்கள். ஒரு குடும்பம் காலை 4.40-க்கு அறை எடுத்தது. திரையில் முந்தைய நாள் இரவு 11.10 என்று விழுந்தது. பில் போடும்போது ஒரு நாள் வாடகை கூடுதல். அந்தப் பெரியவர் ரயில் டிக்கெட்டை எடுத்துக் காட்டி, ‘நேற்று ராத்திரி நான் ரயிலில் அல்லவா இருந்தேன்?’ என்று இந்தியில் கேட்டார். மாமா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

தப்பு என்னுடையதுதான். புது ஜாங்கோ புராஜெக்டில் செட்டிங்ஸ் ஃபைலில் நேரமண்டலம் ‘யுடிசி’ (உலகப் பொது நேரம்) என்றிருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அதை ‘ஏஷியா/கொல்கத்தா’ என்று மாற்ற வேண்டும். (வந்தவர்களும் கொல்கத்தா, மண்டலத்தின் பெயரும் கொல்கத்தா, இந்தியா முழுவதற்கும் அந்த ஒரு பெயர்தான்.) டேட்டாபேஸ் உள்ளே அது தொடர்ந்து யுடிசியாகவேதான் சேமிக்கும், அதைத் தொடாதீர்கள். மாற்றியதும் திரையில் நேரம் சரியாகிவிட்டது, பில் மட்டும் ஆகவில்லை. ஏனென்றால் நான் நேரத்திலிருந்து தேதியை நேரடியாகப் பிரித்திருந்தேன். பிரிப்பதற்கு முன் ‘லோக்கல்டைம்’ என்ற ஃபங்ஷனுக்குள் அனுப்பிய பிறகுதான் கணக்கு நேரானது.

தமிழில் பெயர், முகவரி எல்லாம் போட முடியுமா?

முடியும். மொழிக் குறியீட்டை ‘டிஏ’ என்று மாற்றினால் ஜாங்கோவின் அட்மின் பக்கமே ஓரளவு தமிழில் வரும். மூன்று இடத்தில் மட்டும் கவனம்.

நீளம். ‘வேலூர்’ நமக்கு மூன்று எழுத்து. பைதானிடம் கேட்டால் ஆறு என்னும். கொம்பு, சுழி, புள்ளி ஒவ்வொன்றும் தனிக் கணக்கு. ‘குடியாத்தம்’ ஆறு எழுத்து, கணினிக்குப் பதினொன்று. ஆங்கிலப் பெயரை மனதில் வைத்து நீளம் 20 என்று போட்டால் நம் ஆட்கள் பெயர் இனிஷியலோடு உள்ளே போகாது. இரண்டு மடங்காக வையுங்கள்.

பக்க முகவரி. தலைப்பிலிருந்து முகவரி செய்ய ஜாங்கோவில் ‘ஸ்லக்கிஃபை’ இருக்கிறது. தமிழைக் கொடுத்தால் ஒன்றுமே வராது, வெறுமை. யூனிகோட் அனுமதி என்று சேர்த்துக் கொடுத்தால் இன்னும் வேடிக்கை: ‘வேலூர்’ போய் ‘வலர’ வரும். உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாகவே எண்ணுவதில்லை, கழித்துவிடுகிறது. நான் முகவரியில் எண்ணை வைத்துவிடுகிறேன்.

மூன்றாவது, பழைய மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ். தமிழ் போட்ட இடமெல்லாம் கேள்விக்குறி வரிசை தெரிந்தால் டேபிள் லத்தீன் எழுத்துக் குறியீட்டில் இருக்கிறது என்று அர்த்தம். ‘யுடிஎஃப்8எம்பி4’ ஆக மாற்றுங்கள். ஏற்கெனவே கேள்விக்குறியானது திரும்பாது, மறுபடி தட்ட வேண்டியதுதான்.

தமிழ் மீடியத்தில் படித்தேன். எரரைப் படித்தாலே பயமாக இருக்கிறது.

காந்தி ரோட்டில் மருந்துக்கடைப் பையன்கள் வங்காளம் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். இலக்கணம் படித்தா பேசுகிறார்கள்? தினமும் வேண்டிய நூறு வார்த்தை காதில் விழுந்து ஒட்டிக்கொண்டது. எரர் மொழியும் அப்படித்தான், திரும்பத் திரும்ப அதே முப்பது நாற்பது வாக்கியங்கள். ஒரு வழி சொல்கிறேன்: பைதான் எரரைக் கீழிருந்து படியுங்கள். கடைசி வரியில்தான் என்ன தப்பு என்றிருக்கும். அப்புறம் மேலே ஏறும்போது உங்கள் ஃபைல் பெயர் எந்த வரியில் வருகிறதோ அங்கே நில்லுங்கள். நடுவில் இருப்பதெல்லாம் ஜாங்கோவின் உள்வீட்டுப் பேச்சு, நமக்கு வேண்டாம். ஒரு நோட்டில் எரரின் கடைசி வரியை எழுதி, பக்கத்தில் என்ன செய்தேன் என்று தமிழில் எழுதுங்கள். குடியாத்தம் அக்காவின் நோட்டைத்தான் இப்போது மாடியில் எல்லோரும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறார்கள், அதுவும் அவர் கடையிலேயே.

ஏஐ எழுதிக் கொடுத்துவிடுமே, நான் எதற்கு இதெல்லாம் படிக்க?

கேளுங்கள், நானும் கேட்கிறேன். எரரை விளக்கச் சொல்வதற்கு நல்ல துணை. ஆனால் சில நேரம் பழைய வெர்ஷன் கோட், புதிய வெர்ஷன் கோட் இரண்டையும் கலந்து தரும். முகவரிப் பட்டியலில் ‘யுஆர்எல்’ என்ற பழைய ஃபங்ஷனைப் போட்டுத் தந்த கோடோடு ஒருவர் வந்தார். அதை ஜாங்கோ 4.0-இலேயே எடுத்துவிட்டார்கள், இப்போது அதன் இடத்தில் ‘பாத்’ என்ற ஃபங்ஷன். வெர்ஷனைச் சொல்லிக் கேட்டிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

முதலில் ஜாங்கோ தளத்திலேயே இருக்கும் வாக்கெடுப்புப் பாடத்தைக் கையால் தட்டி முடியுங்கள். எட்டுப் பகுதி. ஒட்டாதீர்கள், தட்டுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் போனில் காட்ட வேண்டும்.

போனும் லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். ரன்சர்வருக்குப் பின்னால் 0.0.0.0:8000 என்று சேர்த்து ஓட்டுங்கள். ‘ஐபிகான்ஃபிக்’ தட்டினால் லேப்டாப்பின் எண் தெரியும்; அதைச் செட்டிங்ஸில் அனுமதித்த ஹோஸ்ட் பட்டியலில் போட்டு, போன் பிரவுசரில் அந்த எண்ணையும் :8000-ஐயும் தட்டுங்கள். விண்டோஸ் ஃபயர்வால் கேட்டால் அனுமதி கொடுங்கள்.

அதையே இணையத்தில் ஏற்றிவிடலாமா?

ரன்சர்வரை வைத்து ஏற்றாதீர்கள், அது பழகுவதற்கு மட்டும். ஏற்றும் முன் செட்டிங்ஸில் டீபக்கை (எரரை விவரமாகத் திரையில் காட்டும் வசதி) அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் எரர் வரும்போது உங்கள் செட்டிங்ஸ் சமாசாரமெல்லாம் ஊருக்கே தெரியும். செட்டிங்ஸில் இருக்கும் ரகசியச் சாவியான சீக்ரெட் கீயை, கோட் பகிர்கிற தளமான கிட்ஹப்பில் போடக் கூடாது. தங்குகிறவர்களின் ஆதார் எண், போன் எண் வைத்திருக்கிற புராஜெக்ட் என்றால் நான் ஏற்றவே சொல்லமாட்டேன். மாமாவின் பதிவேடு இன்றைக்கும் ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடுகிறது, ராத்திரி ஒரு பென்டிரைவில் நகல். அதோடு அவர் பழைய நீளக் கணக்கு நோட்டையும் விடவில்லை. கரண்ட் போனால் உன் ஜாங்கோ என்ன செய்யும் என்கிறார்.